கதவு தட்டத் தெரியாத தாத்தா

மே 6

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

எழுத்துகளில் ஒன்று மலையேறும், ஒன்று பள்ளத்தில் கிடக்கும். பொறுத்துக்கொள். எழுதியது நானேதான்! நம் வண்டி மான்களுக்குக் குளம்பு வெட்டுகிறவர்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். "அண்ணே, மான்கூட இவ்வளவு முரண்டு பிடிக்காது" என்று திட்டித் திட்டித்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் கோபித்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். பிள்ளைகளின் கடிதங்களை இத்தனை வருஷமும் நீதானே எனக்குப் படித்துக் காட்டினாய்? நேற்று நானே ஒன்றைப் படித்தேன். காலையில் ஆரம்பித்து விளக்கு வைக்கும்போது முடித்தேன். பாதிக்குமேல் தங்கச்சியைப் பற்றிய புகார்தான். என்ன சந்தோஷம்!

வருஷத்துக்கு ஒருநாள் வேலை, மீதி நாள் தூக்கம் என்று ஊர் நினைக்கிறது. உனக்குத் தெரியும். சிவப்பு அங்கியைப் புகைபோக்கிக் கரி போகத் துவைத்துவிட்டேன். மூட்டையின் கிழிசலையும் தைத்தாயிற்று. இந்த வாரம் பிள்ளைகளுக்கான ஊதல்களை ஊதிச் சோதிக்கிறேன். "ஐயோ, நிறுத்துங்க!" என்று கத்த நீ இல்லாததால், எது நன்றாக ஊதுகிறது என்றே தெரியவில்லை.

உனக்கு என்ன வேண்டும்? எழுது.

உன் வீட்டுக்காரன்
(ஊருக்கெல்லாம் கிறிஸ்துமஸ் தாத்தா)

மே 14

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் பார்த்து, "என்னடி இது, கோழி கிளறினதா?" என்றாள் அக்கா. பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

நான் தூங்கின பிறகு வீட்டுக்குள் வருவீர்கள். கண் விழித்தால் பொம்மைப் பட்டறையில் இருப்பீர்கள். எனக்குப் பொருள் எதுவும் வேண்டாம். ஒருநாள் பகலில், வாசல் வழியாக, வெறுங்கையோடு வந்து என் எதிரே உட்காருங்கள். போதும்.

உங்கள் வீட்டுக்காரி

மே 23

என்னங்க,

நேற்று ராத்திரி கூரையில் ஏறினது நீங்கள்தானே? திருடன் என்று அக்கா துடைப்பத்தோடு ஓடினாள். காலையில் பார்த்தால் ஜன்னலில் ஒரு சால்வை. இவ்வளவு தூரம் வந்தும் முகம் காட்டாமல் போய்விட்டீர்களே. இதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியாது.

மே 30

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

துடைப்பம் முதுகில் பட்டது. அக்காவிடம் வலிக்கவில்லை என்று சொல்.

அன்றைக்குப் பகலிலேயே வந்துவிட்டேன். தெருமுனையில் வெறுங்கையைப் பார்த்ததும் கூச்சமாகிவிட்டது. திரும்பிப் போய்ச் சால்வை வாங்கினேன். அப்புறம் பழக்கதோஷம், விளக்கு அணையட்டும் என்று காத்திருந்தேன். தூங்குகிற வீட்டுக்குள் போகத்தான் எனக்குத் தெரியும். விழித்திருக்கிறவர்களிடம் என்ன பேசுவது?

அதனால் இப்போது நம் வீட்டுக் கதவை வெளியே நின்று தட்டிப் பழகுகிறேன். குளம்புக்காரர் உள்ளேயிருந்து, "யாருங்க?" என்பார். "நான்தான்" என்பேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

அடுத்த வாரமும் எழுதுவேன். ஆனால் தபாலில் போடமாட்டேன். வெறுங்கை என்றுதான் சொன்னாய். ஒரே ஒரு காகிதம் இருந்தால் பரவாயில்லையா? பகலில் வந்து, தட்டி, உன் எதிரே உட்கார்ந்து, நானே உனக்குப் படித்துக் காட்டுகிறேன்.

உன் வீட்டுக்காரன்