போல்ட்டா, ஸ்க்ரூவா என்று நீ கேட்டபோது

கிட்டாரின் கழுத்திலிருந்து குங்கிலிய வாசனை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சிதம்பரத்தில் என் வீட்டு மேசையில் உன் கருப்பு கிட்டாரைக் கிடத்தி, தந்திகளை அவிழ்த்துவிட்டு, அவற்றைக் கவ்வும் லாக்கிங் நட் என்ற இரும்புத் துண்டின் இரண்டு ஸ்க்ரூக்களையும் கழற்றினாள் உன் மகள் வினோதினி. கழற்றினாள் என்பதுகூடச் சரியில்லை. விரலால் இழுத்தாள், வந்துவிட்டன. கூடவே கருத்த பஞ்சும் வந்தது. முகர்ந்து பார்த்தேன். கடலூர் துறைமுகத்தில் படகு பழுது பார்க்கும் இடத்து வாசனை. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை.

“இது இன்னா மாமா?” என்றாள்.

“உங்கப்பன் வேலை.”

நீ போய் இரண்டு வருடமாகிறது. அவள் இங்கே மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நான்கு பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கிள்ளையில் ஒரு கல்யாண வரவேற்பில் முதல்முறையாக அவள்தான் லீட் வாசிக்க வேண்டும். உன் கிட்டாரைத் தவிர வேறு கிட்டார் அவளிடம் இல்லை. அதுவோ இரண்டு பாட்டுக்குள் சுருதி விட்டுவிடுகிறது. தந்திகளைக் கழுத்து முனையில் அசையாமல் கவ்விப் பிடிக்க வேண்டிய அந்த இரும்புத் துண்டே அசைந்துகொண்டிருந்தது.

அதை எப்படிப் பொருத்துவது என்று நாம் இருவரும் பேசிய நாள் உனக்கு நினைவிருக்கும். ஐஸ் பிளான்ட் எதிரே டீக்கடை. பகலில் படகு இன்ஜின் பிரிப்பாய், மாலையில் மெல்லிசைக் கச்சேரி. பாட்டின் நடுவே தந்திகளைத் தொய்யவிட்டு மீட்கும் கம்பி ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டியிருந்தாய். அதை அழுத்தினால் சுருதி கலையும். கலையாமலிருக்க லாக்கிங் நட் வேண்டும். பொருத்த இரண்டு வழி. மேலேயிருந்து இரண்டு மர ஸ்க்ரூவை முடுக்கி மரத்தோடு நிறுத்திவிடலாம். அல்லது கழுத்தின் பின்பக்கத்திலிருந்து முழுதாகத் துளைத்து, இரண்டு போல்ட்டைச் செலுத்தி, நட்டின் அடியிலிருக்கும் மரையில் முடுக்கலாம். உன் நட்டில் இரண்டுக்கும் வசதி இருந்தது.

“மர ஸ்க்ரூ எத்தினி நாளைக்கு நிக்கும்? போட்டுல ஆட்டம் ஜாஸ்தி இருக்கிற எடத்துல ஊடால போல்ட்டு தான போடுறோம்?” என்றாய். உடனே கிட்டாரின் கழுத்தைத் தடவிக்கொண்டு, “ஆனா இந்த எடம்தான் ரொம்ப மெலிசு. ஒடஞ்சா போச்சு. நீ பேப்பர்காரன், நாலு பேர விசாரிச்சி சொல்லு மச்சான்” என்றாய்.

விசாரித்தேன். நான்கு பேர் கிடைக்கவில்லை, மூன்று பேர். புதுச்சேரியில் கிட்டார் பழுது பார்ப்பவர் போல்ட்தான் உறுதி, நேராகத் துளைத்தால் பயமில்லை என்றார். சென்னையில் வாத்தியக் கடை வைத்திருப்பவரும் அதையே சொன்னார். கடலூரில் ஒரு தேவாலயத்தில் வாசிக்கும் பெரியவர் மட்டும், அப்படித் துளைத்த தன் கிட்டார் கீழே விழுந்து அதே இடத்தில் ஒடிந்ததாகச் சொன்னார். உன்னிடம் வந்து மூன்றாமவர் சொன்னதை மட்டும் சொன்னேன்.

செய்தியில் இதைச் செய்திருந்தால் என் ஆசிரியர் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பார். ஏன் செய்தேன் என்று இன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் உன் கல்யாணத்துக்கு முன்பு, காட்டுமன்னார்கோயில் கச்சேரிக்குப் போகும்போதெல்லாம் பேருந்தில் அந்தக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான். அதன் கழுத்தில் டிரில் இறங்குவதை என்னால் பார்க்க முடியாது. அவ்வளவுதான் காரணம். அதை ஆலோசனை போலச் சொன்னேன்.

“பேப்பர்காரன் விசாரிச்சா சரியாதான் இருக்கும்” என்று ஸ்க்ரூவே போட்டாய்.

ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. பரங்கிப்பேட்டையில் மேடையிலேயே நட் நகர்ந்தது. பாடகர் மைக்கை மூடிக்கொண்டு, “யோவ், பாட்டு கடலூர் போவுது, உன் கிட்டாரு காரைக்கால் போவுது!” என்றார். நீதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாய். இரண்டு நாள் கழித்து, “சரி பண்ணிட்டேன்” என்றாய். எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் யோசனையின் லட்சணம் பேச்சில் வந்துவிடுமே.

இப்போது தெரிந்துவிட்டது. மரப்படகில் பலகை இடுக்கை அடைப்பது போல, எண்ணெயில் குழைத்த குங்கிலியத்தோடு பஞ்சை ஸ்க்ரூ துளைக்குள் திணித்திருக்கிறாய். படகில் அது நிற்கும். தண்ணீர் பட்டுப் பஞ்சும் பலகையும் ஊதி இறுகிக்கொள்ளும். கிட்டாருக்குத் தண்ணீர் ஏது மச்சான்? இத்தனை வருடமும் கச்சேரிக்குக் கச்சேரி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே வாசித்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

வினோதினி முதலில், துளைகளில் கெட்டி மரக் குச்சியைப் பசை போட்டு அடைத்து, மறுபடி ஸ்க்ரூ போடலாம் என்றாள். எனக்கு அது மிகவும் பிடித்தது. கழுத்தைத் துளைக்க வேண்டாம். எதற்கும் கேட்டுவிடலாம் என்று அதே புதுச்சேரிக்காரருக்கு அவள் போன் போட்டாள்.

“எண்ணெ எறங்கி இருக்கா மா?”

“எறங்கி இருக்குண்ணா. மரமே கருத்துப் போச்சு.”

“அப்ப பசை புடிக்காது. புடிச்ச மாதிரி இருக்கும், மேடையில வுட்டுடும். அந்த எடத்த வெட்டி வேற மரம் வெக்கலாம், அதுக்கு ஒரு மாசம் ஆவும். ஞாயித்துக்கெழமைக்குன்னா பின்னாலேருந்து போல்ட்டுதான்.”

போனை வைத்துவிட்டுக் கேட்டாள்: “அப்பா போல்ட்டு போடணும்னுதான் சொல்லிக்கினு இருந்தாராம். அம்மா சொன்னாங்க. அப்புறம் ஏன் மாமா போடல?”

சொன்னேன். மூன்று பேரையும் சொன்னேன், நான் விழுங்கிய இரண்டு பதிலையும் சொன்னேன். அவள் துளையிலிருந்த பஞ்சுத் துணுக்கை ஊசியால் எடுத்துக்கொண்டே கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“நீங்க பொய் சொல்லல மாமா. பாதிய சொன்னீங்க.”

“என் வேலையில ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“அப்பாவுக்கும் பயம்தான். போட்டு இன்ஜின என்னைக்காவது உங்கள கேட்டா பிரிச்சாரு?”

இதை நான் யோசித்ததே இல்லை.

வியாழக்கிழமை பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். நட்டை வைத்து அவள் குறித்தாள். கழுத்தின் நடுவில் ஓடும் இரும்புக் கம்பியில் டிரில் பட்டுவிடக் கூடாது. கம்பியிலிருந்து இரண்டு குறிக்கும் எவ்வளவு இடம் என்று மூன்று முறை அளந்து சொன்னேன். பின்பக்கம் மரம் பிய்ந்துவிடாமலிருக்க ஒரு கட்டையைச் சேர்த்து இறுக்கினார் பட்டறைக்காரர். பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், ஓட்ட போட்டா போட்டதுதான். அப்புறம் என் மேல சொல்லக் கூடாது. போடவா?”

வேண்டாம் என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது, உன்னிடம் மறைக்கவில்லை. “அது அவளுது. அவளக் கேளுங்க” என்றேன்.

“போடுங்கண்ணா” என்றாள். அவள் கை மட்டும் என் முழங்கையைப் பிடித்திருந்தது.

வெளிர் மஞ்சளாகத் தூள் வந்தது. கருத்த இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி உள்ளே மரம் அத்தனை சுத்தமாக இருந்தது. இரண்டாவது துளையும் நேராக இறங்கியது. போல்ட்டை அவளே முடுக்கினாள். நட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளிப் பார்த்தேன். சுவரைத் தள்ளுவது போலிருந்தது.

ஞாயிறு மாலை கிள்ளையில் மூன்றாவது பாட்டில் அவள், தந்திகளைத் தொய்யவிட நீ மாட்டிய அந்தக் கம்பியை அழுத்தினாள். தந்திகள் தொளதொளவென்று தொய்ந்தன. முன்வரிசையில் உன் மனைவி சேலை முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார். வினோதினி கையை எடுத்தாள். ஆறு தந்தியும் அதனதன் இடத்துக்கு வந்து நின்றன. கீபோர்டு வாசித்த பெண் திரும்பிப் பார்த்து, “அடிப்பாவி!” என்றாள். வினோதினி இன்னொரு முறை அழுத்தினாள், வேண்டுமென்றே. பிறகு அன்று முழுவதும் தேவையான இடத்திலும் தேவையில்லாத இடத்திலும் அழுத்திக்கொண்டிருந்தாள். நீ இருந்தால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய்.

மறுநாள் காலை போன் செய்தாள். படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் கச்சேரி மட்டும் வாசிக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம், வேலைக்குப் போ என்பதுதான் என் மனதில் இருந்தது. ஆனால் கச்சேரியை நம்பிப் போய் நன்றாக இருப்பவர்களைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். எனக்குத் தெரிந்தவரை எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குப் பிறகு, “எனக்குப் பயமா இருக்கும்மா, ஆனா அது என் பயம்” என்றேன்.

உன்னிடம் அன்று சொல்லியிருக்க வேண்டியது அந்தக் கடைசி வாக்கியம்தான். இப்போது அது எனக்குச் சொல்ல வருகிறது, மச்சான். உன் மகள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.