பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய தெரு

மகளே,

நகரத் திட்டத்துக்குக் கருத்துச் சொல்லச் சொன்னாயே, போனேன். சோளமாவில் அவித்த டமாலே தின்னக் கொடுத்து, மரம் வேண்டிய இடத்தில் ஒட்டுங்கள் என்று வரைபடத்தை விரித்துப் பச்சை ஸ்டிக்கர் தந்தார்கள். கிடங்கு லாரிப் புகை நம் தெருவுக்குத்தானே வருகிறது? அவரவர் வீட்டின் மேலேயே ஒட்டினோம். உன் அப்பா புத்திசாலியாயிற்றே, இரண்டு ஒட்டினேன்.

இன்று திட்டம் வந்துவிட்டது. லாரிச் சாலைக்கும் ஊருக்கும் நடுவே பெரிய தோப்பு வருமாம். நம் தெருதான் அந்தத் தோப்பு. வீடுகளை எடுத்துவிடுவார்களாம்.

"நீங்க கேட்டதுதானே, சார்?" என்றாள் அதிகாரி.

"ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டு ஒட்டினியே, மகராசா!" என்றாள் பக்கத்து வீட்டு எலாலியா.

பேரன் எலியாஸுக்கு இங்கே மூச்சு முட்டுகிறது என்றுதானே வருவதை நிறுத்தினாய்? இனி தாராளமாகக் கூட்டி வா. காற்று சுத்தமாக இருக்கும். தங்கத்தான் வீடு இருக்காது.

உன் அப்பா