பச்சைச் சேலை வழியே பாடிய பொய்

மச்சான்,

இன்று காலை அந்த வளையத்தை மறுபடி மைக்குக்கு முன்னால் மாட்டினேன். என் தங்கை எம்பிராய்டரிக்கு என்று வாங்கி, ஒரு பூகூடப் போடாமல் மூலையில் எறிந்த மரவளையம். அதில் நீ இழுத்துக் கட்டிய உன் அம்மாவின் பச்சை நைலான் சேலைத் துண்டு. ஆறு வருடமாகியும் துணி தளரவில்லை. மீன் வாசனை வரும் என்று நினைத்து முகர்ந்து பார்த்தேன். என் எச்சில் வாசனைதான் வந்தது. இத்தனை நாள் அதன் மேல் வாய் வைத்துக் கத்தியவன் நான்தானே.

நேற்று உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே நடந்ததை உனக்குச் சொல்லாமல் வேறு எதையும் எழுத முடியவில்லை. ஆனால் நடுவிலிருந்து ஆரம்பித்தால் உனக்குப் பிடிக்காது. "மொதல்லேர்ந்து வா மச்சான்" என்பாய். வருகிறேன்.

குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்தது நீ வேலை பார்த்த மொபைல் சர்வீஸ் கடை. நான் காலேஜில் மூன்றாம் வருடம். போனில் மைக் போய்விட்டது என்று கொண்டுவந்து கொடுத்தேன். மாற்றிவிட்டுச் சோதித்துப் பார்க்கும்போது உன் விரல் என் பழைய பதிவு ஒன்றில் பட்டுவிட்டது. கடை முழுக்க என் ராப். வரிக்கு வரி 'இன்னா', 'கீது', 'வூடு' என்று அள்ளித் தெளித்திருந்தேன். குடிசை, போலீஸ், சாக்கடை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தாம்பரம் சானடோரியம் ஏரியாவில் மாடி வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, தயிர்சாதம் சாப்பிட்ட கையோடு எழுதியது அது.

நீ ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாய்.

"ப்ரோ, உங்க வூட்ல யாரு இப்டி பேசுறது?"

"யாரும் இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு இந்த வேஷம்?"

போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் நீ தரவில்லை. "வாய்ஸ் நல்லா கீது. பீட்டுதான் பேஜாரா கீது" என்று சொல்லிவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் நீயே செய்து வைத்திருந்த ஒன்றை ஓடவிட்டாய். டிரம்ஸ் அடி விழ வேண்டிய இடத்தில் எல்லாம் வேறு ஏதோ ஒரு சத்தம் விழுந்தது. கனமாக, ஓரத்தில் நொறுங்குகிற மாதிரி. என்ன அது என்று கேட்டேன். உங்கள் குப்பத்தில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைக்கிற சத்தம் என்றாய். போனில் பிடித்து வெட்டி ஒட்டியிருக்கிறாய். அன்றைக்கே நான் உன் ஆள் ஆகிவிட்டேன்.

உனக்குக் கடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மொட்டைமாடி அறைதான் நம் ஸ்டுடியோ. வீட்டுக்குப் பின்னாலேயே தண்டவாளம். யாராவது புத்தியுள்ளவன் அங்கே மைக் வைப்பானா? நமக்கு வேறு இடம் இல்லை. பீச் ஸ்டேஷன் வண்டி, செங்கல்பட்டு வண்டி, நடுவில் வரும் எக்ஸ்பிரஸ் எல்லாம் உனக்கு மனப்பாடம். இரண்டு ரயிலுக்கு நடுவில் கிடைக்கிற நேரத்துக்குள் பதினாறு வரியைப் பாடி முடித்தாக வேண்டும். இவ்வளவு வேகமாகப் பாடுகிறாயே, எங்கே கற்றுக்கொண்டாய் என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். ரயில்வே கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

'ப' வரும் இடத்தில் எல்லாம் என் வாய்க் காற்று மைக்கில் முட்டி இடித்தது. அதைத் தடுக்கத்தான் அடுத்த ஞாயிறு அந்தச் சேலைத் துண்டோடு வந்தாய். கடைசிப் பெட்டியின் சத்தம் அடங்கும்வரை கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாய். பிறகு கையை இறக்கி, "வண்டி போச்சு, பாடு" என்பாய். ஒவ்வொரு தடவையும் அதே மூன்று வார்த்தை.

அப்படி ஒரு நீள எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்தபோதுதான் அந்தக் கதையைச் சொன்னாய். உன் அம்மா மீன் கூடையோடு சோழிங்கநல்லூரில் தாம்பரம் பஸ் ஏறியது. கவிச்சி அடிக்கிறது என்று யாரோ முகம் சுளித்தது. கண்டக்டர் இறங்கச் சொன்னது. வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாய். எக்ஸ்பிரஸ் வந்துவிட்டதால் பாதியில் நிறுத்தினாய். மீதியை நான் கேட்கவே இல்லை.

அடுத்த ஞாயிறுக்குள் அது என் பாட்டில் இருந்தது. 'கூடைய எறக்குன்னான் கண்டக்டரு, கண்ணீர எறக்குனா எங்கம்மா.' என் அம்மா. உன்னிடம் கேட்டேனா? இல்லை. "மச்சான், அந்த பஸ் மேட்டர எழுதிட்டேன்" என்று தகவல் சொன்னேன். அந்த ஐஸ் பீட்டை அதற்குத்தான் கேட்டேன். நீ கொடுத்தாய். உன் அம்மாவின் சேலைக்கு முன்னால் நின்றுகொண்டு, அவர் கதையை என் கதையாகப் பாடினேன்.

நாமே நெட்டில் ஏற்றினோம். பின்னால் கம்பெனி இல்லை, தெரிந்தவர் இல்லை. முதல் வாரம் காலேஜ் பையன்கள் மட்டும் கேட்டார்கள். மூன்றாம் மாதம் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோவில் ஓடியது. நாம் இரண்டு பேரும் பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு கேட்டோம். முன்னால் இருந்த அக்கா ஒருவர் அந்த வரியில் உச் கொட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீ வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

பிறகு அந்தப் பேட்டி. யூடியூப் சேனல்காரர் கேமராவுக்கு முன்னால் கேட்டார்: "அந்தக் கண்டக்டர் வரி... அது உங்க அம்மாவா ப்ரோ?" நீ என் பக்கத்து நாற்காலியில் இருந்தாய். உன் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம்.

"ஆமா ப்ரோ. எங்கம்மாதான்."

என் அம்மா ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். அதைப் பார்த்துவிட்டு, "நான் எப்படா மீன் வித்தேன்? நம்ம வீட்டுல முட்டைகூட வாங்கறதில்லையேடா" என்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

அன்றைக்கு பைக்கில் திரும்பும்போது கேம்ப் ரோடு சிக்னலில் நின்றோம். பின்னாலிருந்து நீ பேசினாய். குரலில் கோபம்கூட இல்லை. "கத வேணும்னா எடுத்துக்கோ மச்சான். ஆனா எங்கம்மா கைல நேரா வந்து ஒரு வார்த்த சொல்லிடு." அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன். அந்த ஞாயிறு ஷோ வந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு வேறு ஒன்று. இன்னும் இரண்டு முறை கேட்டாய். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாய். நீ நிறுத்தியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, மச்சான். இதை எழுதும்போது கூசுகிறது.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆறே நாள். கோயம்புத்தூரில் ஷோ முடித்துவிட்டு நான் வந்து சேர்ந்தபோது உன்னைத் தூக்கத் தயாராக இருந்தார்கள். அன்றைக்குத்தான் உன் அம்மா அழுததை முதல்முறையாகப் பார்த்தேன். நான் எழுதிய அழுகை மாதிரி அது இல்லவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா நைனா" என்றார். அந்தக் கூட்டத்தில் என்ன சொல்ல முடியும்? அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு கூட்டம் இல்லாத நாட்களிலும் போகவில்லை.

போன மாதம்தான் போனேன். உன் அம்மா வாசலில் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஒப்பித்தேன். பஸ் கதையைக் கேட்காமல் எடுத்தேன் அம்மா, என் அம்மா என்று பொய் சொன்னேன் அம்மா, அவன் உங்களிடம் சொல்லச் சொன்னான், நான் வரவில்லை.

"தெரியும். குப்பத்துக்கே தெரியும்" என்றார். "உங்கம்மா இன்னா வேல பாக்குது?"

"ஸ்கூல்ல கிளார்க்மா."

"நல்ல வேலதான? அத பாட்றதுக்கு இன்னா?"

உன் அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"கத போனா போவுது. நான் எப்போ அழுதேன்? அத சொல்லு. கண்டக்டரு எறங்குன்னான். நான் எறங்கல. எனக்கும் டிக்கெட் எடுத்துக்கீறேன், கூடைக்கும் எடுத்துக்கீறேன், நீ யாரு எறங்கு சொல்றதுன்னு கேட்டேன். தாம்பரம் வரிக்கும் நின்னுகினேதான் வந்தேன். அவந்தான் மூஞ்ச திருப்பிக்கினு அந்தாண்ட போனான். இப்போ மார்க்கெட்ல அவளவ வந்து, அழாதக்கான்றா. எம்புள்ள என்ன அழுமூஞ்சின்னு சொல்லிக் குடுத்துட்டானேன்னு எனக்கு ஆவல நைனா. அவன் கைலயும் கேக்கல. கேக்கறதுக்குள்ள பூட்டான்."

மகன் தன்னை அப்படி விற்றுவிட்டான் என்று நினைத்துக்கொண்டே உன்னைக் கடைசியாக வழியனுப்பியிருக்கிறார். அந்த வரி நான் ஜோடித்தது என்று சொன்னேன். நம்புவது போலத் தலையை ஆட்டினார். நம்பவில்லை. நான் பொய் சொல்கிறவன் என்பது அவருக்குத் தெரியும், யாரோ போனில் அந்தப் பேட்டியைக் காட்டியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். "அவன் பேசுனது எதுனா கீதா உங்கைல? என்து பட்டன் போனு. ஒன்னுமே இல்ல."

பாட்டுகளில் நீ இல்லை. உன் குரல் வந்த இடத்தையெல்லாம் நான்தான் வெட்டிவிட்டேன். ஆனால் வெட்டாத மூலப் பதிவுகள் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தன. மூன்று வாரம் உட்கார்ந்து கேட்டேன். இருநூறுக்கும் மேல் இருக்கும். நீ இருமுவது, நாற்காலியை இழுப்பது, என் தங்கையிடம் தண்ணீர் கேட்பது. எல்லாவற்றிலும் தொடக்கத்தில், "வண்டி போச்சு, பாடு." ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வந்தேன். பிறகு அந்தப் பாட்டின் பதிவு வந்தது. நான் பதினாறாம் வரியைப் பாடி முடிக்கிறேன். ஃபேன் சத்தம். உன் குரல்.

"மச்சான், எங்கம்மா அழுவல."

அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. என்னுடையது. "அழுதாதான்டா கேப்பாங்க."

நீ நாற்காலியை இழுக்கும் சத்தம். "சரி வுடு. வண்டி ஒன்னு வருது, அது போவட்டும். அப்பால இன்னொரு வாட்டி எடுக்கலாம்."

நீ சொல்லியிருக்கிறாய். முதல் நாளே சொல்லியிருக்கிறாய். எனக்குச் சுத்தமாக நினைவில்லை. நீ சொன்னது என் காதில் விழுந்து, அதற்குப் பதிலும் சொல்லி, மறந்தும் போயிருக்கிறேன். திரையில் என் சிரிப்பு குட்டி மேடு மாதிரி தெரிந்தது. நான்கு வினாடி. வெட்டினால் யாருக்கும் தெரியாது. வெட்டி வெட்டிப் பழகிய கைதான். ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே விட்டேன்.

நேற்று ஒரு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். நீ தண்ணீர் கேட்டபோது உன் அம்மா எழுந்துவிடுவார் போல இருந்தது. கடைசியாக அந்தப் பதிவு வந்தது. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். பிறகு எழுந்து பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இங்க வாடி. எம்புள்ள சொல்லிக்கீறான் பாரு. எங்கம்மா அழுவலன்னு சொல்லிக்கீறான்."

பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவருக்காக ஒரு முறை. அவர் கூப்பிட்டு வந்த இரண்டு பேருக்காக இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் என் சிரிப்பும் கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது நீதான சிரிக்கிறது?" என்றார் உன் அம்மா.

"ஆமாம்மா."

"சரி. இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். எல்லோரும் போன பிறகு, அந்தப் பாட்டை நெட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அதைத்தான் எதிர்பார்ப்பார் என்று நினைத்தேன். உன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எடுக்காத. அதுல ஐஸ் ஒடைக்கிறது யாரு தெரியுமா? நான்தான். அவன் போன நீட்டிகினு நின்னுகினு, இன்னும் ஓங்கி அடிமா, இன்னும் ஓங்கி அடிமான்னான். கை காச்சுப் போச்சு அன்னிக்கி."

ஆறு வருடமாக அந்தப் பீட்டின் மேல் பாடுகிறேன். எனக்குத் தெரியாது, மச்சான். என்னிடம் நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். நான் என்றைக்கு உன்னிடம் மீதியைக் கேட்டேன்?

வளையத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்துப் போயிருந்தேன். "நீயே வெச்சிக்கோ, பாட்றவன் நீதான" என்று சொல்லிவிட்டார். இப்போது நாங்கள் மேடவாக்கத்தில் இருக்கிறோம். இங்கே ரயில் இல்லை. கீழே தண்ணீர் லாரி வந்தால் அரைமணி நேரம் மோட்டார் இரையும். இன்று காலை அது நின்ற பிறகு, என் அம்மாவின் ஆபீசைப் பற்றி நான்கு வரி பாடிப் பார்த்தேன். சுமாராகத்தான் வந்தது. உன் குரலை ஓடவிட்டு, மறுபடி பாடினேன்.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஷோ. அந்தப் பாட்டைக் கேட்பார்கள், கேட்காமல் விடமாட்டார்கள். பீட்டை ஓடவிடுவேன். அந்தப் பதினாறு வரி வரும்போது நான் பாடப்போவதில்லை. மைக் போய்விட்டது என்று கத்துவார்கள், கத்தட்டும். இது என் அம்மா இல்லை, என் நண்பனின் அம்மா, அவர் அழவில்லை என்று மட்டும் சொல்வேன். பிறகு மைக்கைக் கீழே இறக்கிவிடுவேன். அவர் ஐஸ் உடைப்பது எல்லோருக்கும் கேட்கட்டும்.