எங்கள் வீட்டு முற்போக்கு

நவம்பர் 3, திங்கள்

விடாத தூறல். முடிச்சூர் ரோட்டில் முட்டி வரை தண்ணீர் என்றார்கள். எங்கள் தெருவில் கணுக்கால் வரைதான். லேபுக்கு அரை மணி லேட். சாப்பிடாமல் ரத்தம் கொடுக்க வந்த பதினோரு பேரும் வரிசையாக முறைத்தார்கள். பசிக் கோபம். நியாயம்தான்.

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது, இது புதுசு. அதனால் ஒருமுறை எழுதி வைக்கிறேன்: மு. என்றால் என் வீட்டுக்காரர். முற்போக்கு என்பதன் சுருக்கம். கல்யாணமான வருஷத்திலிருந்து என் நோட்டுகளில் அவருக்கு இதுதான் பெயர். அவருக்குத் தெரியாது.

நேற்று குரோம்பேட்டையிலிருந்து பிரவீன் வீட்டார் வந்தார்கள். எங்கள் பெண் கயலும் பிரவீனும் சிறுசேரியில் ஒரே கம்பெனி, இரண்டு வருஷப் பழக்கம். நல்ல பையன். செருப்பைக் கூட ஜோடியாக விடுகிறான். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. பிரவீனின் அம்மா கலகலப்பான மனுஷி. உட்கார்ந்த உடனே, "நாங்க ரொம்ப லிபரல் ஃபேமிலிங்க. எதுவுமே கேக்க மாட்டோம்" என்றார். காபி ஆறுவதற்குள் கேட்டவை: ஐயர் வைத்துச் சடங்கு. பெண்ணைப் பெற்றவர்கள் ஜோடியாக மனையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைக்குப் பாதபூஜை. சைவச் சாப்பாடு. முகம் முழுக்கச் சிரிப்பு. கோபப்படக்கூட முடியவில்லை.

கயல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர்கள் போன பிறகு மு. டம்ளர்களைக் கழுவி (எப்போதும் அவர்தான் கழுவுவார்), கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணத்துக்கு வருவேன். வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு கூப்பிடுவேன். மனையில உக்கார மாட்டேன். தானம் குடுக்க எம்பொண்ணு என்ன பசுமாடா?"

கயலுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும்.

கொசுவர்த்தி வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் வெயில் எட்டிப் பார்த்தது. துணி பாதி காய்ந்தது.

கயலுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் யோசித்திருப்பாள் போல. சாப்பிடும்போது ஆரம்பித்தாள். தனக்கு இந்தச் சடங்கெல்லாம் பிடித்திருக்கிறதாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லையாம், பிடித்ததைச் செய்வதுதான் ப்ரோக்ரசிவாம். மு. சொன்னார், சடங்கை மறுப்பதற்குப் பெயர்தான் முற்போக்கு, சடங்கைத் தேர்ந்தெடுப்பதற்குப் பெயர் ஷாப்பிங். அவள் சொன்னாள், "உங்களோடது பழைய மாடல்ப்பா." ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் பெட்டி பழுது பார்த்த மனுஷனுக்கு, பழைய மாடல் என்றதும் முகம் சுருங்கிப்போனது. தட்டில் அப்பளம் அப்படியே இருந்தது. நான் எடுத்துச் சாப்பிட்டேன்.

பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. இந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது என்னைப் பெண் பார்த்த சமயத்தில். மாப்பிள்ளை முற்போக்கானவர் என்று தரகர் சொல்ல, குடிக்க மாட்டார் என்று அம்மா புரிந்துகொண்டாள். வரதட்சணை வேண்டாம் என்கிறார் என்று அப்பா புரிந்துகொண்டார். இரண்டும் சரியாகத்தான் இருந்தது. எனக்கோ அந்த வார்த்தையே பெரிய படிப்புப் படித்த மாதிரி இருந்தது. தோழிகளிடம் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

கல்யாணம் ஒரு திருமண மண்டபத்தின் மாடி ஹாலில். ஐயர் இல்லை, மேளம் இல்லை, தாலி இல்லை. மாலை மாற்றிக்கொண்டோம். ஏழு பேர் பெண் விடுதலை பற்றிப் பேசினார்கள். ஏழு பேரும் ஆண்கள். மூன்று மணி நேரம். மைக் எனக்கு இடது பக்கம் ஓர் அடி தூரத்தில் இருந்தது, என் கைக்கு வரவே இல்லை. கீழே சாம்பார் ஆறிவிட்டது என்று சித்தி வந்து வந்து சைகை காட்டினாள்.

அதற்காக மு.வைக் குறை சொல்ல மனசு வரவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம்தான் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தேன். பரீட்சை மாதம் முழுக்க அவர் சமையல். உப்பே இருக்காது. கயல் பிறந்தபோது குழந்தைத் துணியெல்லாம் துவைத்து, மொட்டை மாடியில் நாலு வீடு பார்க்கக் காயப்போட்டார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எந்த ஆம்பளை செய்தான்.

நவம்பர் 5, புதன்

லேப் லீவு. தோசை மாவு புளித்துவிட்டது.

பத்து மணிக்கு முருகேசன் வந்தார். மு.வின் தம்பி. வருஷம் தவறாமல் மாலை போட்டு மலைக்குப் போகிறவர். குடும்ப வாட்ஸாப் குரூப்பில் லிபரல் என்ற சொல்லை வசவாக மட்டுமே பயன்படுத்துகிறவர். அண்ணன் மாட்டேன் என்ற விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருக்கிறது. "கவலய வுடுங்க அண்ணி. நானும் எங்க வூட்ல அவளும் மனையில குந்திக்கிறோம். கயலு எங்களுக்கும் பொண்ணுதானே" என்றார். மனசார வந்த பேச்சு, கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போய் அரை மணி கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மனையில் ஜோடியாகத்தான் உட்கார வேண்டும். மு. உட்காரவில்லை என்றால் நானும் உட்கார முடியாது. என் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்கிறபோது நான் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், யாரோ ஓர் அத்தை என் கையில் ஒரு குழந்தையைத் திணித்துவிட்டுப் போவாள், அதைப் பார்த்துக்கொண்டு.

நேரே மு.விடம் போய்க் கேட்டேன். பேப்பரை மடித்தார்.

"இது உங்க கொள்கைன்னு நெனச்சிட்டிருக்கீங்க. இது என் இடம்ங்க."

அப்புறம் ரொம்ப நாளாக உள்ளே கிடந்தது தானாக வந்துவிட்டது. "அன்னிக்கு எனக்குத் தாலி ஆசையா இருந்துச்சு. தெரியுமா உங்களுக்கு? யாராவது கேட்டீங்களா?"

தெரியாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சமையலறைக்கு வந்து புளித்த மாவில் வெங்காயம் அரிந்து போட்டு ஊத்தப்பம் சுட்டேன்.

மாலை கயல் வந்ததும் அவரே அவளிடம் சொன்னார். அம்மா பக்கத்தில் உட்காருவேன், மந்திரம் மட்டும் சொல்ல மாட்டேன். அதெல்லாம் ஐயர் பார்த்துக்கொள்வார், நீங்கள் சும்மா இருந்தால் போதும் என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பாதபூஜையை வேண்டாம் என்று பிரவீனே சொல்லிவிட்டானாம், பெரியவர் தன் காலைத் தொட்டால் கூச்சமாக இருக்குமாம்.

இந்த வாரக் கணக்கில் முற்போக்கு என்றால்:
மு.வுக்கு: மனையில் உட்காராதது (நேற்று வரை).
கயலுக்கு: மனை, மெஹந்தி, தாலி எல்லாம், ஆனால் அவள் இஷ்டப்படி.
பிரவீன் அம்மாவுக்கு: மருமகள் வேலைக்குப் போகலாம், முட்டை வரை சாப்பிடலாம்.
முருகேசனுக்கு: நாட்டைக் கெடுத்தது.
எனக்கு: தெரியவில்லை. உப்பில்லாத சாம்பார்.

நவம்பர் 7, வெள்ளி

மறுபடி மழை. மதியம் லேபில் கரன்ட் இல்லை.

பிரவீன் அம்மா கயலுக்குப் போன் செய்திருக்கிறார். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரோ கவனித்தார்களாம்: பெண்ணின் அம்மா கழுத்தில் தாலி இல்லை. கழுத்து வெறுமையாக மனையில் உட்காரலாமா, நாளைக்கு நாலு பேர் கேட்பார்களே, ஒரு மஞ்சள் கயிறாவது அன்றைக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லேன், "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு."

கயல் என்னிடம் சொல்லத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் துணி மடிக்கிற சாக்கில் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். சடங்கே வேண்டாம், ரிஜிஸ்டர் ஆபீஸ் போய்விடலாம் என்றாள்.

வேண்டாம் என்றேன். உனக்குப் பிடித்திருக்கிறது அல்லவா, உனக்குப் பிடித்த மாதிரி நடக்கட்டும். ஆனால் அடுத்தவர் கண்ணுக்காக நான் கயிறு கட்டிக்கொள்ள மாட்டேன். இருபத்தாறு வயசில் ஆசையாகக் கட்டிக்கொண்டிருப்பேன், அது வேறு. முப்பத்தோரு வருஷம் இந்தக் கழுத்தோடு குடும்பம் நடத்திவிட்டு, இப்போது மண்டபத்தில் ரெண்டு மணி நேரத்துக்கு வேஷம் போடவா? இத்தனை வீம்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மு.வோடு இருந்து இருந்து ஒட்டிக்கொண்டது போல.

மு. ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 8, சனி

மழை இல்லை. ஈரம்.

கயல் வேண்டாம் வேண்டாம் என்றாள். நான் நேரடியாகப் பிரவீன் அம்மாவுக்குப் போன் போட்டேன். திருநீர்மலைக் கோயிலில் இருந்தார். கீழே இறங்கிக் கூப்பிடுகிறேன் என்றார். அந்த இருபது நிமிஷத்தில் மூன்று தடவை தண்ணீர் குடித்தேன்.

கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எங்கள் கல்யாணம் தாலி இல்லாமல் நடந்த கல்யாணம். மனையில் நான் இப்படியேதான் உட்காருவேன். அது ஒத்துவராது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு இழுக்க வேண்டாம்.

அவர் சொன்னார், "ஐயரைக் கேட்டுட்டேங்க. அவரு கையில தண்ணி ஊத்துறதுக்குக் கழுத்து எதுக்கும்மாங்குறாரு. எங்க நாத்தனார் முணுமுணுப்பா. அவ எதுக்குத்தான் முணுமுணுக்கல. நீங்க உங்க மாதிரியே வாங்க சம்பந்தி."

அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். லிபரல் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வது, அப்படிச் சொல்லிவிட்டால் வீட்டில் கொஞ்சமாவது அப்படி நடந்துகொள்வார்களோ என்கிற நப்பாசையில்தானாம். விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு அந்த மனுஷியை ரொம்பப் பிடித்துவிட்டது.

போனை வைத்துவிட்டு மு.விடம் சொன்னேன். தலையை ஆட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு, மார்க்கெட் வரை போய் வருகிறேன் என்று குடையோடு கிளம்பினார். கொசுவர்த்தி வாங்கி வரச் சொன்னேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில், ஒருவழியாக. தலையணை எல்லாம் மாடியில்.

நேற்று மார்க்கெட் போனவர் கொசுவர்த்தியை மறுபடி மறந்துவிட்டு வந்தார். திட்டினேன். இன்று காலை கயல் குளிக்கப் போனதும் சமையலறை வாசலில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து நகைக்கடை டப்பா. உள்ளே மஞ்சள் கயிறு, அதில் சின்னதாகத் தங்கப் பொட்டு. வாழ்க்கையில் முதல்முறை தனியாக நகைக்கடைக்குப் போயிருக்கிறார். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டாராம், என் மனைவிக்கு என்றாராம், எப்போது கல்யாணம் என்றாராம், ஆகிவிட்டது என்றாராம்.

மனைக்கு இது தேவையில்லை என்று முடிவாகிவிட்டதே, எதற்கு என்று கேட்டேன்.

"மனைக்கு இல்ல வசந்தி. அன்னிக்கு உன்னைக் கேக்கல. இப்ப கேக்குறேன். வேணுமா, வேணாமா? நீ எதைச் சொன்னாலும் சரி."

அவருக்கு எத்தனை சங்கடமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தாலிக்கு எதிராகவே எத்தனை மேடையில் பேசியவர். கை வேர்த்து டப்பாவின் வெல்வெட்டு ஈரமாக இருந்தது. எனக்கு அதைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, டப்பாவை மூடி அவர் பையிலேயே திரும்பப் போடவும் தோன்றியது. இரண்டுமே உண்மை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எப்போது என்று கேட்டார். தெரியாது என்றேன்.

இதை எழுதும்போதும் வாசல் பக்கம் நிற்கிறார், பேப்பர் படிக்கிற மாதிரி. ஒரே பக்கத்தை எவ்வளவு நேரம் படிப்பார். நிற்கட்டும். பதில் என்னிடம்தான் இருக்கிறது, இன்றைக்கு ஒருநாள் அதை வைத்துக்கொள்கிறேன்.