நாற்பத்திரண்டாம் பக்கத்தில் விட்டுப்போன முக்கோணம்

19 மார்ச் 2025, புதன்கிழமை, காலை மணி 6.40
துவாரகா, புது தில்லி

பொருள்: கரோல் பாக் சந்து வீட்டைப் பற்றி உங்கள் பெயரால் சொல்லப்பட்டது குறித்து

அண்ணாச்சி அவர்களுக்கு,

உங்கள் நீல அட்டை நோட்டு பதினேழு நாட்களாக என் மேசைமேல் திறந்தே கிடக்கிறது. பென்சில் எழுத்து மங்கவில்லை. அந்த வீட்டைப் பற்றிய வரியின் தொடக்கத்தில் நீங்கள் போட்ட முக்கோணமும் மங்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. யார்மேல் என்பதை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

கண்ணால் கண்டதற்கு வட்டம், தாளில் படித்ததற்குச் சதுரம், ஒருவர் வாயால் கேட்டதற்கு முக்கோணம். மற்றொருவர் உறுதி சொல்லும்வரை முக்கோணமிட்ட எதையும் மக்கள் முன் சொல்லக் கூடாது என்பது நீங்கள் வகுத்த விதி. லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் நாம் நடத்திய குடும்ப வரலாற்றுப் பட்டறைகளில், பழைய வாடகை ரசீதும் ரேஷன் அட்டையும் கொண்டுவந்த குடும்பத்தாருக்கு முதலில் இந்த மூன்று குறிகளைத்தான் கற்றுக் கொடுத்தீர்கள். பிறகுதான் தேநீர்.

18 ஜனவரி 1998, ஞாயிறு. கரோல் பாக் சந்தில் பனி விலகாத காலை. தில்லித் தமிழர் வரலாறு சொல்லி நாம் நடத்திய நடைக்கு வந்தவர்கள் பதினொருவர். அவர்களில் ஓர் அதிகாரி, "இந்தத் தெருவுல பெரிய ஆளுங்க யாராவது இருந்திருக்காங்களா சார்?" என்று கேட்டார். நீங்கள் மாடிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெரிய ஆளுவ யாருமில்ல சார். வரிசையில நின்னு குளிச்சிட்டு, ஈரத் தலையோட ஆபீஸுக்கு ஓடுன கிளார்க்குமாருதான் இருந்தாவ. அவ்வொளுக்கும் ஒரு சரித்திரம் உண்டும்லா?" என்றீர்கள். அவர் அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் நம் நடைகளுக்குத் தவறாமல் வந்தார்.

அப்படி நடந்த காரியம் இப்போது எப்படி நடக்கிறது என்று கேளுங்கள்.

2 மார்ச், ஞாயிறு. எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் செயலாளர் ஒரு பேருந்தை அமர்த்தி, 'தில்லித் தமிழர் வரலாற்று நடை' என்று நாற்பது பேரை கரோல் பாக்கிற்கு அழைத்துச் சென்றார். என்னையும் மரியாதைக்காக முன்னிருக்கையில் உட்கார்த்தினார். வயது நாற்பதுக்குள் இருக்கும், தொலைக்காட்சியில் வேலை, கையில் ஒலிபெருக்கி. பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது என்று பாதிக்கு மேல் இந்தியிலேயே பேசினார். அந்தப் பச்சைக் கம்பி மாடி வீட்டின் முன் நின்று, "குடிவந்த தமிழர்களுக்குத் தண்ணீர் தராமல் குழாயைப் பூட்டி வைத்தவர் இந்த வீட்டுக்காரர்" என்று சந்து முழுவதும் கேட்க இந்தியில் அறிவித்தார். நாற்பது பேரும் கைப்பேசியை உயர்த்தினார்கள். ஒருவர் 'ஷேம், ஷேம்' என்றார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வயதான பஞ்சாபி அம்மையார் அப்படியே நின்றுவிட்டார். அவர் அந்த வீட்டுக்காரரின் மகள்.

நான் ஒலிபெருக்கியைப் பிடித்து இழுத்தேன்.

"யார் சொன்னது உங்களுக்கு?"

"அரே அங்கிள், டென்ஷன் ஆகாதீங்க. உங்க புக்லதான இருக்கு! பேஜ் ஃபார்ட்டி டூ. அந்தப் பெரியவரோட நோட்ஸ்னு நீங்களே போட்டிருக்கீங்க."

"விசாரிக்க வேண்டாமா?"

"அச்சிட்டவரே நீங்க. உங்களையே விசாரிக்கணுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். அந்த வரி இருந்தது. முக்கோணம் இல்லை.

அண்ணாச்சி, நீங்கள் மறைந்த மறு ஆண்டு உங்கள் குறிப்புகளை நான்தான் புத்தகமாக்கினேன். ஒவ்வொரு தேதியையும் மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு சனிக்கிழமையை வெள்ளிக்கிழமை என்று அச்சுக் கோத்ததற்காக அச்சகத்தாரோடு அரை நாள் சண்டை போட்டேன். அதே அச்சகத்தார், "ஐயா, இந்த வட்டம், முக்கோணமெல்லாம் எழுத்துக்கு நடுவுல சரியா உட்காரலை. எடுத்துடலாமா?" என்று கேட்டபோது, எடுத்துவிடுங்கள் என்று உடனே சொல்லிவிட்டேன். பக்கம் சுத்தமாகத் தெரிகிறது என்று மகிழ்ந்தும்கொண்டேன். அந்த வரிக்கு நான்கு பக்கம் தள்ளி நீங்கள் எழுதியிருந்ததோ இது: "அவ்வீட்டில் குடியிருந்த வேறு இருவரைக் கேட்டேன். இருவரும் மறுத்தனர். சொல்லக் கூடாது." அதில் தேதி இல்லை என்பதற்காக, முழுமையற்ற குறிப்பு என்று தள்ளிவிட்டவனும் நான்தான்.

"வே, நீரு தேதிய மட்டும் பாக்கேரு. யாரு சொன்னாவன்னு பாக்க மாட்டேங்கேரு" என்று நீங்கள் என்னைச் சீண்டுவது வழக்கம். கேலி என்று எண்ணிச் சிரித்திருக்கிறேன்.

செயலாளர்மேல் எனக்குள்ள கோபம் இதனால் குறைந்துவிடவில்லை. ஒரு குடும்பத்தின் மானத்தை வேடிக்கைப் பொருளாக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? ஒரு வரியைப் படித்துவிட்டு ஒரு வீட்டின் முன் கூட்டம் போடலாமா? ஆனால் அவர் கையில் அந்த வரியைக் கொடுத்தவன்மேல் வருகிற கோபம் இன்னும் பெரியது.

படியேறிப் போய் அந்த அம்மையாரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. "கீழே நாற்பது பேர் முன்னால் என் அப்பாவைத் திருடனைப் போலக் காட்டினீர்கள். மேலே வந்து என் ஒருத்தியிடம் மட்டும் மன்னிப்பா, பாயி சாஹப்?" என்று இந்தியில் கேட்டார். கதவைச் சாத்தினார். நியாயமான கேள்வி.

அடுத்த ஞாயிறு, 9 மார்ச், காலை பத்து மணிக்கு அதே இடத்தில் நின்று மறுப்பைத் தமிழிலும் இந்தியிலும் படித்தேன். நாற்பது பேருக்கும் தனித்தனியே அழைப்பு அனுப்பியிருந்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். செயலாளர், "சண்டே அன்னிக்கு அதே தெருவுக்கு மறுபடியுமா அங்கிள்? விடுங்க, எல்லாரும் மறந்திருப்பாங்க" என்று செய்தி அனுப்பினார். மறந்திருப்பார்களாம்! பழியை யாரும் மறப்பதில்லை, மறுப்பைத்தான் மறப்பார்கள். அம்மையார் மாடியில் நின்று கடைசிச் சொல் வரை கேட்டார். பிறகு உள்ளே போனார்.

ஒருவரைப் பற்றிச் சொன்ன பொய் எத்தனை காதுகளில் விழுந்ததோ அத்தனை காதுகளுக்கும் உண்மை போய்ச் சேர வேண்டும். நீங்கள் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அதனால் வராதவர்களின் வீடுகளுக்கு நானே போகிறேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மின்தூக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய நடைத்துணை

இம்மடலுடன் உங்கள் நோட்டில் வைத்திருப்பவை:

1. 9 மார்ச் அன்று படித்த மறுப்பு, தமிழில், ஒரு பக்கம்.
2. அதன் இந்தி வடிவம். மற்றொரு படி அம்மையாரின் கதவிடுக்கில் செருகப்பட்டது; பதில் இல்லை.
3. புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கம், என் பிரதியிலிருந்து கிழித்தது.
4. செயலாளரும் வராத இருபத்தாறு பேரும் அடங்கிய பட்டியல், வீட்டு எண்களுடன். ஏழு பேரிடம் சொல்லியாயிற்று. முதல் பெயர் செயலாளருடையது. இருமுறை போயும் கதவு திறக்கவில்லை. இன்று காலை பத்து மணிக்கு மறுபடி போகிறேன்.