பதினோராம் நம்பர் சக்கரம்

ஜூன் 3, செவ்வாய்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ கிளம்பி மூன்று நாள் ஆகிறது, வந்து சேர்ந்தேன் என்று ஒரு வரி இல்லை. சைக்கிள் ரேஸ் முடிகிற வரைக்கும் எல்லோருடைய போனையும் அணி மேனேஜர் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டாராம், வேன் டிரைவர் சொன்னார். போனைத்தானே பூட்டினார், உன் கையையுமா பூட்டினார்? ஒருநாள் விட்டு ஒருநாள் வேன் பட்டறைக்கு வந்து சக்கரம் ஏற்றிப் போகிறது. அவரிடம் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவாய்?

இந்த வேனில் ஏழாம் நம்பரிலிருந்து பன்னிரண்டு வரை ஆறு சக்கரம் வருகிறது. எல்லாம் நான் டயர் ஒட்டியவை. ரிம்மில் ஒரு பூச்சுப் பசை, ஒரு நாள் காய வேண்டும். அப்படி மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சு முடிந்ததும் சக்கரக் கம்பியில் ஒரு வெள்ளை நூல் கட்டுவேன். மூன்று நூல் சேர்ந்த பிறகுதான் டயரை ஏற்றி, நூலை வெட்டிப் போட்டுவிட்டு நம்பர் எழுதுவேன். "பசை பூசறதுக்கு இவ்வளவு சடங்கா?" என்று பட்டறையில் கேலி. மலை இறங்கும்போது பசை விட்டு டயர் ரிம்மிலிருந்து கழன்றால் என்ன ஆகும் என்று கேலி செய்கிறவர்களுக்குத் தெரியாது.

நேற்று அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். பதறாதே, அடி ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தபோது கடைசிப் பூச்சில் இருந்தேன். போட்டது போட்டபடி ஓடிப் போய்த் தூக்கிவிட்டேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. போன வருஷம் இறக்கத்தில் நீ விழுந்தது மணல் வழுக்கித்தானே?

உன் அக்கா

ஜூன் 4, புதன்

அன்புள்ள அக்கா,

திட்டு கிடைத்தது. வயிறு நிறைந்தது. அம்மாவிடம் எனக்கு ஒன்றும் தெரியாது என்றே நடிப்பேன், கவலைப்படாதே.

என் பிழைப்பைக் கேட்கிறாயா? காலையில் பத்து பாட்டில் தண்ணீரைப் பனியனுக்குள் சொருகிக்கொண்டு, பின்னால் வரும் காருக்கும் முன்னால் போகும் கேப்டனுக்கும் நடுவே ஓடினேன். அப்புறம் காற்று கேப்டன் மேல் படாமல் அறுபது கிலோமீட்டர் அவருக்கு முன்னால் மிதித்தேன். மொத்தக் கணக்கில் கேப்டன் முதலிடத்தில் இருக்கிறார். நான் எண்பத்து மூன்றாவது. இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம்.

எங்கள் அணியில் அவர் உயரமும் என் உயரமும் ஒன்று. அவர் சைக்கிளுக்கு என்ன ஆனாலும் என்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நான் ஓரமாக நிற்க வேண்டும். என்னைச் சேர்த்ததே அதற்குத்தான். "நீ ஓட்டக்காரன் இல்லடா, என்னோட ஸ்பேர்" என்று சிரிப்பார். தங்கமான மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

வெள்ளிக்கிழமை பெரிய மலை. ஏறுவதில் பயமில்லை. இறக்கம் பதினோரு கிலோமீட்டர், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், இறங்கத்தான் பயம்.

உன் பதினோராம் நம்பர் சக்கரத்தை என் சைக்கிளில் முன்னால் போட்டிருக்கிறார்கள்.

மணல்தான் அக்கா. எத்தனை தடவை சொல்வது?

தம்பி

ஜூன் 5, வியாழன்

தம்பி,

படித்ததும் பதினோராம் நம்பரைக் கழற்று. ஒரு தெருகூட அதில் போகாதே.

நேற்றுப் பட்டறையைக் கூட்டும்போது வெட்டிப்போட்ட நூல்களை எண்ணினேன். ஆறு சக்கரத்துக்குப் பதினெட்டு இருக்க வேண்டும். பதினேழுதான் இருந்தது. மேஜையை நகர்த்தினேன், குப்பைத் தொட்டியைத் தரையில் கொட்டித் தேடினேன். இல்லை. அம்மா விழுந்ததாகப் போன் வந்தபோது என் கையில் இருந்தது பதினொன்றுதான். மூன்றாவது பூச்சு பூசினேனா, பூச உட்கார்ந்தேனா, எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மறுநாள் வேன் அவசரத்தில் நூலை எண்ணாமலே வெட்டிவிட்டேன். உன் கடிதம் இப்போதுதான் வந்தது. அது உன் சைக்கிளில்தான் இருக்கிறது என்று படித்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மேனேஜருக்குப் போன் செய்யலாம்தான். செய்தால் போன வருஷத்துச் சக்கரத்தையும் யார் ஒட்டினார்கள் என்று கேட்பார். இந்த வேலையும் போனால் அம்மாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? பஞ்சர் என்று சொல்லி நீயே மாற்றிக்கொள். வேன் காலை ஏழு மணிக்கு அங்கே இருக்கும் என்று டிரைவர் அடித்துச் சொல்கிறார்.

அக்கா

ஜூன் 7, சனி

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் படித்துக்கொள்.

வேன் வழியில் மக்கர் செய்து, நாங்கள் புறப்பட்ட பிறகுதான் வந்திருக்கிறது. டிரைவர் நேரே மலையடிவாரத்துக்கு ஓட்டிப்போய், எங்களுக்குச் சாப்பாட்டுப் பை நீட்டுகிற இடத்தில் என் பைக்குள் உன் கடிதத்தைப் போட்டுவிட்டார். பழத்தை எடுக்கக் கை விட்டால் உன் கையெழுத்து. ஏற்றத்தில் நடக்கிறவனைவிடக் கொஞ்சம்தான் வேகம், படிக்க முடிந்தது. படித்த பிறகு முன் சக்கரத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

எங்கே மாற்றுவது? பாதை குறுகல் என்று கார்களை வெகு பின்னால் நிறுத்திவிட்டார்கள். உச்சியில் நின்று காருக்குக் காத்திருக்கலாம், பஞ்சர் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். உச்சி வந்தது. நான் ஓரம் கட்டுவதற்குள், நூறு அடி தாண்டிக் கேப்டன் கையைத் தூக்கினார். அவருடைய முன் சக்கரம் பஞ்சர்.

"டேய், முன் சக்கரத்தக் கழட்டு!"

"முடியாது கேப்டன்."

"என்னடா, காது கேக்கலையா? எல்லாரும் போறாங்க பாரு!"

"தரமாட்டேன்."

அவர் என் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தார். நான் ரோட்டிலேயே உட்கார்ந்து சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். காரணம் வாய்வரை வந்தது அக்கா. சொன்னால் உன் பெயரும் வரும். விழுங்கிவிட்டேன்.

கார் வர நாலு நிமிஷம் ஆனது. அவருக்கு வேறு சக்கரம் போட்டு அனுப்பிய பிறகு மேனேஜர் என்னிடம் வந்தார்.

"ஏன்டா தரல?"

"பயமா இருந்துச்சு சார்."

"எதுக்குப் பயம்?"

நான் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். "பயப்படறவனுக்கு இங்க என்ன வேலை? நடந்தே வா" என்று சொல்லிக் காரை எடுத்துவிட்டார்.

நடந்தேதான் வந்தேன். பிரேக் பிடித்து மெதுவாக இறங்கலாம் என்று தோன்றியது. பிடித்தால் ரிம் சூடாகும், சூட்டில் பசை இளகும் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய். ரேஸ் ஷூவில் நடக்க முடியாது. கழற்றிவிட்டு, காலுறையோடு பதினோரு கிலோமீட்டர். ஓரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நேரம் கடந்துவிட்டதால் ரேஸிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் அணியிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். கேப்டன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். போன வருஷம் மணல் இல்லை. டயர் கழன்றது. தோளெலும்பு உடைந்து கிடந்தபோதும், கார் வருவதற்குள் ஒற்றைக் கையால் அந்தச் சக்கரத்தை இழுத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டேன். நீ ஒட்டியது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே பதினொன்றைக் கேப்டனிடம் எப்படிக் கொடுப்பேன்?

சக்கரத்தை அப்படியே வேனில் அனுப்புகிறேன். யார் கண்ணிலும் படாமல் பிரித்துப் பார். அடிவாரத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரர் மாடியறை கொடுத்திருக்கிறார், முகவரி உறையின் மேல் இருக்கிறது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்னும் ஆன் செய்யவில்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன்.

தம்பி

ஜூன் 10, செவ்வாய்

என் கண்ணே தம்பி,

சக்கரம் வந்தது. காற்றை இறக்கிவிட்டு இரண்டு கட்டைவிரலாலும் டயரைத் தள்ளினேன். அசையவில்லை. முழங்காலால் அழுத்தித் தள்ளினேன். கத்தியை விட்டு நெம்பித்தான் பிரிக்க முடிந்தது. உள்ளே மூன்று பூச்சும் இருந்தது, முழுதாக, வளையம் முழுக்க. பதினெட்டாவது நூல் என் செருப்பின் அடியில் பசையோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு வாரமாக அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறேன்.

நீ தாராளமாகக் கொடுத்திருக்கலாம். அவரும் சுகமாக இறங்கியிருப்பார். இதை உனக்கு எழுத மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். நான் வியாழக்கிழமையே மேனேஜருக்கு ஒரு போன் செய்திருந்தால் போதும். என் வேலைக்குப் பயந்து உன் வேலையைத் தொலைத்துவிட்டேன்.

நேற்று அணி திரும்பி வந்தது. கேப்டனுக்கு இரண்டாம் இடம். சக்கரத்தையும் நூலையும் உன் கடிதங்களையும் மேனேஜர் மேஜையில் வைத்தேன். போன வருஷம் நடந்ததையும் மறைக்கவில்லை.

"அப்போ சக்கரம் நல்லாத்தான் இருந்துச்சா?" என்றார் மேனேஜர்.

"நல்லாத்தான் இருந்துச்சு சார்."

"ஒண்ணுமில்லாததுக்கா என் ரேஸ் போச்சு?"

"நான் பயந்தேன். அவன் என்னை நம்பினான். வேற ஒண்ணுமில்ல சார்."

கேப்டன் உன் கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "இந்தப் பயத்தோடயா ஒரு வருஷமா எனக்கு முன்னாடி இறங்கினான்?" என்றார். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். மேனேஜர் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பசைத் தூரிகையை வைத்துவிட்டுப் போகும்படி என்னிடம் சொன்னார். வைத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "அவன் சாப்பிட்டானா?" என்றுதான் கேட்டாள்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரியாமல் தவிக்கிறேன். என் டயர் கழன்றதை உன் கண்ணால் பார்த்தாய். அதற்குப் பிறகும் ஒரு வருஷம், எத்தனை மலை, எத்தனை இறக்கம், ஒவ்வொன்றிலும் நடுங்கியிருப்பாய். வேறு யாராவது ஒட்டட்டும் என்று ஒருநாள்கூட நீ கேட்கவில்லையே, ஏன்டா?

போனை ஆன் செய். இந்தத் தடவை நான் கடிதத்தோடு நிற்கமாட்டேன். நீ எடுக்கிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருப்பேன்.

அக்கா