வீடு என்ற வகைக்குள் வராத லயம்

ஆடி, செவ்வாய் இரவு. எலப்புள்ளி.

காலையில் தங்கை செல்வி இடுக்கி எஸ்டேட்டிலிருந்து அழைத்தாள். "அக்கா, மண்ணு சரிஞ்சு லயத்துப் பின்சுவரு விழுந்துருச்சு. பங்களாக்காரங்களுக்கு ராத்திரியே எச்சரிக்கை மெசேஜ் வந்துச்சாம். எங்களுக்கு மட்டும் ஏன்க்கா வரல?"

அந்த மெசேஜை அனுப்பும் மென்பொருள் எங்கள் குழு எழுதியது. பகல் முழுக்கத் தேடினேன். கட்டட வகைகளை வெளியிலிருந்து வாங்கிய ஒரு கோப்பிலிருந்து அப்படியே சேர்த்திருந்தோம். அதில் பங்களா 'வீடு' என்பதன் கீழ் இருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயமோ கிடங்கோடும் தொழிற்சாலையோடும் 'எஸ்டேட் கட்டடம்' என்பதன் கீழ் கிடந்தது. எச்சரிக்கை வீடுகளுக்கு மட்டும்தான் போகும். மென்பொருள் எந்தப் பிழையும் காட்டவில்லை.

லயமும் வீடுதான் என்று ஒரு வரி சேர்த்துச் சோதித்தேன். செல்வியின் ஃபோன் எண்ணும் எச்சரிக்கை போகும் பட்டியலில் வந்தது. ஆனால் குழுத்தலைவர் அந்த மாற்றத்தை ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் ஏற்றச் சம்மதிக்கவில்லை. "அது நம்ம ஃபைல் இல்லீங்க. கொடுத்தவங்ககிட்ட கேட்டுட்டு அடுத்த வாரம் பாக்கலாமுங்க."

"அங்க மழை இன்னும் நிக்கலைங்க சார்" என்றேன். அவர் அடுத்த வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

சற்றுமுன் செல்வியை அழைத்தேன். போக வேறு இடமில்லாமல் சுவர் விழுந்த லயத்திலேயே படுத்திருந்தார்கள். "லயத்துல எல்லாரையும் எழுப்பு. பிள்ளைகளத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க."

"மெசேஜ் வந்துருச்சாக்கா?"

"வராதுடி. நான்தான் சொல்றேன், போ."

போய்ச் சேர்ந்ததும் கூப்பிடச் சொன்னேன். இன்னும் கூப்பிடவில்லை.